பணிய வை

ஒருத்தியைத் திருடி என்று சொல்ல வேண்டுமானால் மற்ற ஊர்களில் சாட்சி கேட்பார்கள். சாட்சி கிடைக்காவிட்டால் பொய்ச்சாட்சியாவது கேட்பார்கள். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பெரிய கங்காணியின் பெண்சாதி ஒரு கனவு கண்டால் போதும்.

ஹட்டனில் பஸ் ஏறியதிலிருந்தே இதை நினைத்து நினைத்து இஸ்ஸதீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கீரின் மூத்த மகன் அவன். துணி அளந்து அலுத்துப்போய்த் துப்பறியும் சோலைமலையிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். சம்பளம் ஒழுங்காக வராது. ஆனால் பிறத்தியார் வீட்டு முட்டாள்தனங்களை டிக்கெட் இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சோலைமலை ஜன்னலோரம் உட்கார்ந்து குடைக் கம்பில் மோவாயை ஊன்றிக்கொண்டிருந்தார். தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீட்டில், பிறந்து பொலிஸ் வரைக்கும் போனவர். மேலதிகாரியை முட்டாள் என்று சொன்னதால் வேலை போயிற்று. சொன்னதற்காக அல்ல, அதை எல்லோர் முன்னாலும் நிரூபித்ததற்காக என்று இஸ்ஸதீன் திருத்திச் சொல்வான்.

"அண்ணே, இதைக் கேளுங்க" என்றான் இஸ்ஸதீன். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கனவுப் பலன் புத்தகம் அவன் கையில் இருந்தது. "'தலை மொட்டையாகக் கனவு கண்டால் தனலாபம்.' எங்க வாப்பாவுக்கு நெசமாவே மொட்டைத் தலை. லாபத்தைத்தான் இன்னும் காணோம்."

"மேல படி."

"'ஒரே கனவு மீண்டும் மீண்டும் வந்தால் அது தெய்வ வாக்கு என்று அறிக.'"

"மண்ணாங்கட்டி" என்றார் சோலைமலை. "ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தா, ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் படுக்குறாங்கன்னு அர்த்தம். தங்கச்சி, நீ இன்னொரு தரம் சொல்லு."

பின் ஸீட்டில் இருந்த பூரணி முன்னால் சாய்ந்தாள். வெள்ளப்பாறையில் கொழுந்து பறிப்பவள். அழுதுகொண்டு வந்து காலில் விழும் ரகம் இல்லை. காலையில் சோலைமலையின் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "துப்பறியிறவரு நீங்கதானா? ஆளப் பாத்தா அப்படித் தெரியலயே" என்று கேட்டவள்.

"மாரியம்மனோட தாலிச்சங்கிலியும் மூக்குத்தியும் காணாமப் போச்சு. திருவிழா வருது. நான்தான் எடுத்தேன்னு கங்காணியம்மா நாகலெட்சுமி கனவுல அம்மன் வந்து சொல்லியிருக்காம்."

"நகைப்பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"கங்காணி கணேசமூர்த்திகிட்ட."

"அப்புறம் நீ எப்படி எடுத்தே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பாவம் செய்ய நெனச்சவளுக்குச் சாவி எதுக்குன்னு சாமியாரு கேக்குறாரு. கூட்டமே தலைய ஆட்டுது."

"கங்காணிக்கு உன்மேல என்ன ஆத்திரம்?"

"அவரு வீட்டுக்குப் பொம்பளைங்க வெறகு சொமக்கணும், தண்ணி எடுக்கணும், மாட்டுக்குப் புல்லு அறுக்கணும். சும்மா. தாத்தன் காலத்துப் பழக்கமாம். இனிமே ஒருத்தியும் போகாதீங்கன்னு நான் சொன்னேன். ஒருத்தியும் போகல."

இஸ்ஸதீன் புத்தகத்தை மூடினான். பூரணி குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு அந்திக் கொழுந்தத் தராசுல நிறுத்த கையோட என் லயத்துக் காம்பராவச் சோதிக்கப் போறாங்க. நகை கெடைச்சா நாளைக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துத் தோட்டத்த விட்டே அனுப்பிருவாங்க. வேலையும் போச்சு, வீடும் போச்சு. கண்ணு தெரியாத ஆத்தாவக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது? எங்களுக்கு இலங்கைப் பக்கம் ஓட்டும் இல்ல, இந்தியாப் பக்கம் ஊரும் இல்ல."

"எடுக்காத நகை எப்படிக் கெடைக்கும்?" என்றான் இஸ்ஸதீன்.

"கெடைக்கும்" என்றார் சோலைமலை. "கெடைக்காதுன்னு தெரிஞ்சா சோதிக்க மாட்டாங்க."

தோட்டத்து முடுக்கில் பூரணி இறங்கிக் குறுக்குப் பாதையில் போய்விட்டாள். மற்ற இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள், கனவுக்குப் பலன் கேட்க வந்த பக்தர்களாக.

மேல் லயத்தில் கங்காணியின் வீடு. லயத்துக் காம்பராக்கள் இரண்டை ஒன்றாக்கி, முன்னால் கண்ணாடி ஜன்னல் வைத்து, அதற்கு 'நிவாஸம்' என்று பெயர் எழுதியிருந்தார்கள். அதை ஒட்டிய காம்பராவின் வாசலில், புலித்தோல் என்று நம்பச் சொல்லி விரித்திருந்த ஒரு கம்பளியின் மேல் சொப்பனானந்த சுவாமிகள் வீற்றிருந்தார். கும்பகோணத்திலிருந்து கப்பலேறி நேராக வெள்ளப்பாறைக்கே வந்தவராம். இலங்கையில் அவருக்கு வேறு எந்த இடமும் தெரியாதாம். கங்காணிதான் அழைத்து வந்து பக்கத்து அறையையும் கொடுத்து மூன்று வேளைச் சோறும் போட்டு வைத்திருந்தார்.

"உமது கனவு யாது?" என்றார் சுவாமிகள்.

இஸ்ஸதீன் பணிவாகக் கைகட்டினான். "பட்டிப்பொல ஸ்டேஷன்ல நிக்கிறேனுங்க சாமி. ரயில் வருது. ஏறப் போறேன். ஏறுறதுக்குள்ள போயிருது. அடிக்கடி இதே கனவு."

சுவாமிகள் கண்ணை மூடித் திறந்தார். "சனி பிடித்திருக்கிறது. ஒரு கறுப்புச் சேவல் கொண்டுவாரும்."

"முஸ்லிமுக்கும் சனி புடிக்குங்களா?"

"சனிக்கு ஏதப்பா மதம்?"

"அந்த மட்டுல சனி நல்லவரு" என்றான் இஸ்ஸதீன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி அவனைக் கண்டிப்பது போலப் பார்த்தாள். பருத்த, வெகுளியான முகம். ஊரே தன் கனவைப் பற்றிப் பேசுவதில் அவளுக்கு ஒரு பூரிப்பு இருந்தது. கங்காணி வீட்டில் இதுநாள் வரை அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. சோலைமலை அவள் பக்கம் திரும்பி, "அம்மன் உங்க கனவுலதான் வந்துச்சுங்களாமே, கங்காணியம்மா?" என்று கேட்டதும் மடை திறந்துவிட்டது.

"ஆமாங்க! ஈரச் சீலையோட வந்து என் தலைமாட்டுல நிக்கும். கக்கத்துல ஒரு வெள்ளைக் கோழி. மொகம் தெரியாது, கொரல் மட்டும் கேக்கும். 'பூரணி... பூரணி...' ன்னு சொல்லும். அப்புறம் 'பணிய வை, பணிய வை'ன்னு சொல்லும். நகை காணாமப் போறதுக்கு முன்னாலருந்தே வருதுங்க! முன்கூட்டியே எச்சரிச்சிருக்கா ஆத்தா. எனக்குத்தான் புரியல."

"பணிய வை" என்று சோலைமலை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "சாமி, இந்தப் பக்கத்து ஆளுங்க கீழங்கிறதைத்தானே பணியன்னு சொல்லுவாங்க?"

சுவாமிகளின் முகம் ஒரு கணம் சுண்டியது. மறு கணம் அதில் மகா ஏளனம் வந்து உட்கார்ந்தது.

"இதே கேள்வியை இங்கே ஒரு மூடன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உமக்கும் சொல்கிறேன். அகிலாண்ட நாயகி லயத்துத் தமிழா பேசுவாள்? அவள் பேசுவது செந்தமிழ். பணியவைத்தல் என்றால் அடக்குதல், தலைகுனியச் செய்தல். பூரணியைப் பணியவை! அந்தத் திமிர் பிடித்தவளை அடக்கு! இதைவிடத் தெளிவாக ஒரு தெய்வம் எப்படிச் சொல்லும்?"

"அந்தக் கோழி, சாமி?"

"பலி கேட்கிறாள்."

"அது சேவலா, பெட்டையா?" என்று இஸ்ஸதீன் குறுக்கிட்டான். சுவாமிகள் அவன் பக்கம் சீறித் திரும்பிய நேரத்தில் சோலைமலையின் கால் தற்செயலாக நீண்டது. வாசல் விளிம்பில் இருந்த பித்தளைச் சொம்பு கடகடவென்று உருண்டு, லயத்துக்குக் கீழே முழங்காலளவு வளர்ந்திருந்த ஈரப்புல்லுக்குள் போய் மறைந்தது.

"ஐயையோ, பெரிய தப்புப் பண்ணிட்டேன் சாமி. நான் எடுத்தாறவா?"

"தொடாதே! தீட்டு!" என்று சுவாமிகள் காவி வேட்டியைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார்.

சோலைமலை நேரத்தை வீணாக்கவில்லை. "கங்காணியம்மா, கனவுல பாத்ததுல சாமிகிட்டச் சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்குங்களா?"

நாகலெட்சுமி திடுக்கிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சொன்னா பாவங்க."

"சொல்லாட்டிதான் பாவம்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அம்மன் மேல... சுருட்டு வாடை அடிக்குதுங்க."

இஸ்ஸதீன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். சோலைமலையின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"கங்காணி சுருட்டுக் குடிப்பாருங்களா?"

"முன்னாடி குடிப்பாருங்க. கரகத்துக்கு விரதம் புடிச்ச அன்னைக்கே விட்டுட்டாரு. அம்மன் மேல சத்தியம் பண்ணி விட்டாரு. வீட்டுக்குள்ள சுருட்டே கெடையாது."

"கனவு எப்பலருந்து வருது?"

"அவரு விரதம் புடிச்சதுலருந்துதான். வீடு சுத்தமாயிருந்தாத்தானே ஆத்தா வருவா? அவரும் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுச் சாமியோட பூசை செய்ய அந்த அறைக்குப் போயிருவாரு. அவரு போனப்புறம்தான் எனக்குக் கனவே வருது. நான் முழிச்சதும் அந்தச் சொவத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிருவேங்க. அந்தப் பக்கந்தானே ஆத்தா நிக்கிறா?"

"ரொம்ப நல்லதுங்க. கொஞ்சம் தேத்தண்ணி கெடைக்குமா?"

அவள் அடுப்படிக்குப் போனதும் சோலைமலை வீட்டுக்குள் நுழைந்து, சுவாமிகளின் அறைப் பக்கத்துச் சுவரோரம் விரித்திருந்த அவளுடைய பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே கையைக் காட்டினார். லயம் கட்டிய வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் செங்கல் மேல் இருந்த அன்பு மனிதர்கள் மேல் இருந்ததில்லை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே எழுப்பிய சுவரைக் கூரை வரை கொண்டுபோகாமல் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டுப் புகையும் புலம்பலும் தாராளமாக அடுத்த வீட்டுக்குப் போகலாம். கங்காணி ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்தார், வீட்டுக்குப் பெயர் வைத்தார், சுவரை மட்டும் தொடவில்லை.

இஸ்ஸதீன் சொல்லாமலே புரிந்துகொண்டு சுவாமிகளின் அறைக்குள் நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்து, ரகசியம் பேசுவது போல முணுமுணுத்தான். "அண்ணே, பக்கீர் மகனுக்குப் பசிக்குது."

"ஹட்டன்ல போய்த் திங்கலாம்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதில் சாம்பலும், கடித்துத் துப்பிய சுருட்டு அடிக்கட்டைகளும் கிடந்தன. பூசை பலமாகத்தான் நடந்திருக்கிறது என்று இஸ்ஸதீன் நினைத்துக்கொண்டான்.

சுவாமிகள் சொம்போடு மேலேறி வந்தபோது இருவரும் வாசலில் நல்ல பிள்ளைகளாக நின்றிருந்தார்கள். அவருடைய கெண்டைக்காலில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. சுவாமிகள் பேச்சை நிறுத்தவில்லை. ஜென்மாந்திர வினையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, பார்க்காமலே குனிந்து அட்டையை விரலால் உருட்டிப் பிடுங்கிச் சுண்டியெறிந்துவிட்டு, கடித்த இடத்தில் சுவரில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி அப்பிக்கொண்டார்.

போகும்போது சோலைமலை நாகலெட்சுமியிடம், "அந்திக்குப் பூரணி வீட்டுக்கு வாங்க கங்காணியம்மா. ஆத்தா வாக்குப் பலிக்கிறதை நீங்க பாக்காம யாரு பாக்குறது?" என்றார். அவள் உச்சி குளிர்ந்து போனாள்.

தேயிலைக்கு நடுவே இறங்கும் படிக்கட்டில் இஸ்ஸதீன் விட்டு விட்டுச் சிரித்தான். "கும்பகோணத்துல அட்டை ஏதுண்ணே? புதுசா வந்த ஆளு அந்நேரம் அம்மான்னு கத்திக்கிட்டு ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும்."

"அவன் நம்ம ஊரு லயத்து ஆளு. அவனுக்குப் பணியங்கிறதுக்கு அர்த்தம் நல்லாத் தெரியும். தெரிஞ்சதுனாலதான் பயந்தான். கங்காணியும் அவனும் விடியக்காலையில உக்காந்து போட்ட திட்டத்தை இந்தம்மா தூக்கத்துல கேட்டுட்டு, அம்மன் சொன்னதா அவன்கிட்டயே வந்து பலன் கேட்டா அவன் என்ன பண்ணுவான்? செந்தமிழுக்கு ஓடிட்டான்."

"அப்போ அந்தக் கனவு..."

"கனவாவது! திருட்டு நடக்கிறதுக்கு முன்னாலயே திருட்டப் பத்திப் பேசுறவன் தெய்வம் இல்லடா, திருடன். அந்தம்மா கண்ட கனவு சாட்சி வாக்குமூலம். சுருட்டு வாடை, கோழி, பூரணி, பணிய வை. எல்லாத்தையும் சேத்துப் பாரு."

இஸ்ஸதீன் ஒரு படியில் நின்றான். சிரிப்பு போய்விட்டது. "பூரணி வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பணிய..."

"அதான். நட, சீக்கிரம்."

பணிய லயத்தில் பூரணியின் காம்பராவுக்குப் பின்னால், பலகையும் தகரமும் வைத்து அடித்த கோழிக்கூடு இருந்தது. அதைப் புரட்டி வைத்துவிட்டுப் பூரணியே கத்தியால் கிளறினாள். மண் இலகுவாக வந்தது. ரப்பர் துணியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம் கிடைத்தது. அதற்குள் அம்மனின் தாலிச்சங்கிலியும் மூக்குத்தியும் இருந்தன.

பூரணி பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எங்க ஆத்தா படுத்திருக்கிற எடத்துக்கு ஒரு சொவரு தள்ளி வச்சிருக்கான் பாவி! இதை அவன் மூஞ்சியிலேயே எறியிறேன்!"

"எறிஞ்சா நீதான் திருடி" என்றார் சோலைமலை. "உன் வீட்டுல, உன் கையில இருந்திச்சுன்னு அவனே முதல்ல சொல்லுவான். மண்ணை முந்தி இருந்த மாதிரியே மூடு. வச்சவன் வாயிலருந்துதான் இது வரணும்."

அவர் பொட்டலத்தை மடக்கிய குடைக்குள் சொருகி, குடையின் வாரைச் சுற்றிக் கட்டினார். சொல்லி வைத்தது போல முதல் தூறல் விழுந்தது.

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஊரே பணிய லயத்துக்கு வந்துவிட்டது. கூடைகளைக் கூட இறக்காமல் பெண்கள் நின்றார்கள். தோட்டத்துத் துரையின் சார்பில் மேற்பார்வை உத்தியோகஸ்தரான கண்டாக்கையா பொன்னையா வந்திருந்தார். கொழுந்தையும் ஆட்களையும் ஒரே பார்வையால் எடை போட்டுப் பழகிய மனிதர், சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவர் முகத்தில் வேறொன்றும் இல்லை. கங்காணி கணேசமூர்த்தி கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். ஆள் மீது இருந்த அதிகாரமெல்லாம் போனபிறகும் கோட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் பின்னால் சுவாமிகளும், நெற்றி நிறையத் திருநீறோடு நாகலெட்சுமியும் நின்றார்கள்.

மழை வலுத்தது. சோலைமலை குடையைக் கையில் வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்தார்.

"நானா, ஒங்க ஆளு ஏன் குடைய விரிக்காம நிக்கிறாரு?" என்று கண்டாக்கையா இஸ்ஸதீனிடம் கேட்டார்.

"குடை புதுசுங்க. நனைஞ்சா வீணாப் போயிரும்."

கண்டாக்கையா அதற்கு மேல் கேட்கவில்லை. ஹட்டன்காரர்களிடம் அவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

காம்பராவைப் புரட்டினார்கள். பானையைக் கவிழ்த்தார்கள், அரிசியைக் கொட்டினார்கள், கண் தெரியாத அம்மாக்கண்ணுக் கிழவியை எழுப்பி உட்காரவைத்து அவள் படுத்திருந்த சாக்கை உதறினார்கள். கிழவி யாரென்றே தெரியாமல், "வாங்க, வாங்க" என்று வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் சிரித்ததற்கு இஸ்ஸதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"முடிஞ்சது" என்றார் கண்டாக்கையா. "இங்க ஒண்ணும் இல்ல. எல்லாரும் போங்க."

"இருங்க கண்டாக்கையா!" கங்காணி முன்னால் வந்தார். "பின்னால கோழிக்கூடு ஒண்ணு இருக்குதே? அதைப் பாத்தீங்களா?"

"கோழிக்கூட்டையா?"

"ஒரு சந்தேகம்தான்."

சந்தேகம் வந்த மனிதர் நேராக நடந்து, கூட்டின் வலது மூலையைத் தாமே புரட்டினார். ஒருவனைக் கூப்பிட்டு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். அவன் வெட்டினான். மண்தான் வந்தது. மறுபடி வெட்டினான். மறுபடியும் மண். கங்காணியின் முகத்தில் மழைத்தண்ணீரோடு வியர்வையும் வழிந்தது. அவர் குழியருகே குந்திக்கொண்டு, சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போல, அடித்தொண்டையில் வெட்டுகிறவனிடம் சொன்னார்:

"பணிய... இன்னும் பணிய வை வெட்டை... பணிய..."

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. நாகலெட்சுமிதான். அவள் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்து, பாதியில் நின்றது.

"இந்தக் கொரலு" என்றாள். "இந்தக் கொரலுதான்."

"என்னடி உளர்றே?" கங்காணி எழுந்தார்.

"கனவுல வந்தது இந்தக் கொரலுதான். இதேதான்." அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசினாள். "நீங்கதான் பேசினீங்க. சுருட்டும் உங்களோடதுதான். விரதம்னு அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டு... நான் தெனமும் எந்திரிச்சு அந்தச் சொவத்தத் தொட்டுக் கும்பிட்டேனே! உங்க களவாணிப் பேச்சையா நான் கும்பிட்டேன்?"

"வாயை மூடு!"

"கங்காணி" என்றார் சோலைமலை. "அம்மன் கோழிக்கூடுன்னு சொல்லல. சாமியும் சொல்லல. கண்டாக்கையாவுக்கும் தோணல. வலது மூலைன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

கேட்டுவிட்டு, சாவகாசமாகக் குடையின் வாரை அவிழ்த்து விரித்தார். ரப்பர் துணிப் பொட்டலம் கங்காணியின் காலடியில் விழுந்து பிரிந்தது. மாரியம்மனின் தாலிச்சங்கிலி சேற்றில் கிடந்தது.

"எடம் சரி. கொஞ்சம் பிந்திட்டீங்க. வச்ச எடத்துல இல்லேன்னதும் பதறினீங்க பாருங்க, வச்சவனுக்கு மட்டும்தான் அந்தப் பதற்றம் வரும்."

முதலில் உடைந்தது தெய்வாம்சம்தான். சொப்பனானந்தர் செந்தமிழையும் கும்பகோணத்தையும் ஒரே மூச்சில் கைவிட்டார். "நான் அப்பவே சொன்னேனே கங்காணி, வேணாங்க, பொம்பள சாபம் பொல்லாததுன்னு! கண்டாக்கையா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க! கூத்துல ராஜா வேசம் கட்டுற ஆளுங்க நான்! அழகன்னு பேரு, ஊரு இங்க பக்கத்துல நோட்டன் பிரிட்ஜுங்க! சோறு போடுறேன்னு கூப்பிட்டாருங்க!"

"ராஜா வேசமா?" என்றான் இஸ்ஸதீன். "நல்லவேளை, ராஜா எல்லாரும் செத்துட்டாங்க."

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு கொழுந்துக்கூடை சுமந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். இத்தனை காலம் விறகும் தண்ணீரும் சுமந்த வீட்டு எஜமானரைப் பார்த்து, பயமில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கங்காணிக்கு எத்தனையோ வசவுகளுக்குப் பதில் தெரியும். இதற்குத் தெரியவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டாக்கையா நகையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "ரெண்டு பேரும் துரை பங்களாவுக்கு நடங்க" என்றார். போகிற போக்கில் பூரணியைப் பார்த்து, "நீ நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா" என்றார். தப்பாகச் சந்தேகப்பட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத உத்தியோகம் அது.

கூட்டம் கலைந்தது. பூரணி உள்ளே போய்க் கொட்டிக் கிடந்த அரிசியை முறத்தில் வாரத் தொடங்கினாள். நாகலெட்சுமி வாசலிலேயே நின்றாள். மழையில் திருநீறு கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. அவளைப் பார்க்க இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை, இஸ்ஸதீனுக்கும் வரவில்லை.

"பூரணி" என்றாள் தயங்கித் தயங்கி. "நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். இன்னைக்கு ராத்திரி மட்டும் இங்க ஒரு மூலையில படுத்துக்கவா?"

பூரணி அரிசி வாருவதை நிறுத்தவில்லை. "ஊரு பூரா என்னைத் திருடின்னு சொன்னது யாரு? நீங்க."

"அம்மன் சொன்னதா நெனச்சுத்தான்..."

"அம்மன் பேரச் சொன்னீங்க, சாமியாரு பேரச் சொன்னீங்க, கனவுன்னீங்க. உங்க வாயால நீங்களா ஒரு வார்த்தை சொன்னதே இல்லையா, கங்காணியம்மா?"

பூரணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மூலையில் கிடந்த சாக்கை உதறி அம்மாக்கண்ணுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"வந்து படுங்க. ஆனா காலையில என்னோட பெரட்டுக் களத்துக்கு வரணும். பேர் கூப்பிடுறதுக்கு முன்னாடி, எல்லாரும் நிக்கிறப்போ, பூரணி திருடலன்னு சத்தமாச் சொல்லணும். கனவுல கேட்டேன்னு சொல்லக்கூடாது. நான் சொல்றேன்னு சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் நாகலெட்சுமி.

"இப்பவே ஒரு தரம் சொல்லிப் பாருங்க."

சோலைமலை இஸ்ஸதீனின் தோளைத் தொட்டு வெளியே அழைத்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் படியேறத் தொடங்கியபோது, உள்ளேயிருந்து அந்தக் குரல் முதலில் திக்கித் திக்கியும், பிறகு கொஞ்சம் பலமாகவும் கேட்டது.

"நான் சொல்றேன். நாகலெட்சுமி சொல்றேன்."